அடி தட்டும் கார்: ஸ்பேசரா, ஸ்பிரிங்கா, சரிவையே மாற்றுவதா?

காரின் அடி தட்டுகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், ஆலோசனைகள் வந்து குவிந்துவிடும். காரைத் தூக்க ஸ்பிரிங்கோடு ஒரு தடித்த வட்டு வைக்கும் ஸ்பேசர் போடுங்கள் என்பார் ஒருவர். ஒரு சுற்று பெரிய டயர் போட்டாலே தீர்ந்தது என்பார் அடுத்தவர். அடியில் இரும்புத் தகடு பொருத்திவிட்டால் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம் என்று மெக்கானிக் சொல்வார். காரின் எந்த இடம் தட்டுகிறது, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது தட்டுகிறது என்று கேட்பவரைக் காண்பதுதான் அரிது. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வகைத் தட்டலுக்கு மருந்தாக அமைவது இன்னொரு வகைக்குப் பயனற்றது. சிலவற்றில் நிலைமையை மோசமாக்கவும் செய்யும்.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம்.

சமதளத்திலிருந்து செங்குத்தான சரிவில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பரின் கீழ் விளிம்பு தட்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது, அதன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவைதான் இதைத் தீர்மானிக்கின்றன. காரின் நடுப்பகுதி எவ்வளவு உயரமாக இருந்தாலும் இங்கே அது உதவாது.

சரிவின் உச்சியைத் தாண்டும்போது நடப்பது வேறு. முன்சக்கரங்கள் மேல்தளத்துக்கு வந்துவிட்டன, பின்சக்கரங்கள் இன்னும் சரிவில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வயிறு முகட்டின் மேல் உட்காருகிறது. இங்கே உயரத்தோடு வீல்பேஸும், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரமும் சேர்ந்துகொள்கிறது. நீளமான கார் அதிகம் தட்டும்.

குறுகலான வேகத்தடை மூன்றாவது வகை. தடை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வரும் கணத்தில் நான்கு சக்கரங்களும் சமதரையில்தான் நிற்கின்றன. ஆகவே கோணக் கணக்கு எதுவும் இல்லை. தடையின் உயரம் ஒரு பக்கம், காரின் அடி உயரம் மறு பக்கம், அவ்வளவுதான்.

பின்புறம் தட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சரிவிலிருந்து சமதளத்தில் இறங்கி முடிக்கும்போது பின் பம்பரோ சைலன்சரின் வால் பகுதியோ உரசும். பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டைகளும் இருக்கும் நாள்களில்தான் இது பெரும்பாலும் நிகழும்.

உங்கள் காரில் எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. காரின் அடியில் குனிந்து பார்த்தால் புதிதாக உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும். தெரியாவிட்டால் சுண்ணாம்புக் கரைசலைத் தாழ்வான பகுதிகளில் தடவிவிட்டு, அந்தச் சரிவில் மெதுவாக ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் இடம். அதைவிட எளிது, ஒருவரைப் பக்கவாட்டில் தரையோடு ஒட்டி நிற்கச் சொல்லிக் கைப்பேசியில் காணொளி எடுக்கச் சொல்வது. சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பம்பருக்கு அடியில் தொங்கும் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை உரசும்போது உள்ளே இருப்பவருக்குக் கார் இரண்டாகப் பிளந்தது போலக் கேட்கும். உண்மையில் அந்தப் பட்டை வளைந்துகொடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. அது மட்டும்தான் உரசுகிறது என்றால், மனத்தைத் தேற்றிக்கொண்டு சும்மா இருப்பதுதான் சிறந்த தீர்வு. அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் கழன்று பட்டை தொங்குகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் உயரம்

தரை இடைவெளி 165 மி.மீ. என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் காலி வண்டியின் அளவு. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் சிறு கார்களில் 30 மி.மீ. வரை இறங்குவது சாதாரணம். பின்பக்கம் அதற்கு மேலும் இறங்கும். ஆக, கையில் இருப்பது 135 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் காரையே எடுத்துக்கொள்கிறேன்: வீல்பேஸ் 2600 மி.மீ., காலியில் 165, சுமையோடு 135.

முகட்டில் தட்டுமா என்று கண்டறிய ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது. வீல்பேஸைச் சரிவின் விகிதத்தால் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். 5 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சரிவு என்றால் விகிதம் 0.2. 2600 × 0.2 ÷ 4 = 130. அதாவது அந்த முகட்டைத் தாண்ட நடுவயிற்றில் 130 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். சுமையோடு நம் காரில் இருப்பது 135. காகிதத்தில் தப்பித்துவிட்டது, ஆனால் முகட்டில் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கினாலே அந்த 5 மி.மீ. காணாமல் போகும். அதே கார் காலியாக இருந்தால் 35 மி.மீ. மிச்சம். 4-க்கு 1 என்ற சரிவில் தேவை 162 மி.மீ.; ஓட்டுநர் மட்டும் இருந்தால்கூட உரசிவிடும். 8-க்கு 1 என்றால் 81 மி.மீ. போதும், யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு போகலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வீல்பேஸ் 2450 மி.மீ. உள்ள சிறிய கார் அதே 5-க்கு 1 முகட்டில் கேட்பது 122 மி.மீ.தான். 2850 மி.மீ. வீல்பேஸ் கொண்ட நீளமான எஸ்.யு.வி. கேட்பது 142. காகிதத்தில் சிறிய கார் 165, பெரியது 180 என்று இருந்தாலும், இருவரும் சுமையில் 30 மி.மீ. இறங்கினால் சிறியதற்கு 13 மி.மீ. மிச்சம், பெரியதற்கு 8 மி.மீ. மட்டுமே. உயரமான வண்டி வாங்கினால் அடி தட்டாது என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்கள் வாகன நிறுத்தத்தின் முகட்டில் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சரிவின் விகிதத்தை அளக்க ஒரு நீளமான பலகையும் கைப்பேசியும் போதும். பலகையைச் சரிவில் கிடத்தி அதன் மேல் கைப்பேசியை வைத்தால், சாய்வுமானிச் செயலி கோணத்தைக் காட்டும். 5-க்கு 1 என்பது 11 டிகிரிக்குச் சற்று மேல். 4-க்கு 1 என்பது 14 டிகிரி. 8-க்கு 1 என்பது 7 டிகிரி.

வேகத்தடைக்கு வருவோம். 1973-இல் பிரிட்டனின் போக்குவரத்து மற்றும் சாலை ஆய்வகத்தில் வாட்ஸ் என்பவர் சோதித்து முன்வைத்த வடிவம்தான் இன்றும் பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை: 3.7 மீட்டர் அகலம், 100 மி.மீ. உயரம், மேலே வட்ட வில் போன்ற வளைவு. நம் கார் அதன் மேல் ஏறி நிற்கும்போது நான்கு சக்கரங்களுமே தடையின் மேல்தான் இருக்கும். சக்கரங்களுக்கு இடையே வளைவு எழும்புவது ஏறக்குறைய 49 மி.மீ. மட்டுமே. முழுச் சுமையிலும் எந்தச் சாதாரணக் காருக்கும் இது பிரச்சினை இல்லை. அங்கே தட்டுகிறது என்றால் காரணம் வேகம், அல்லது செத்துப்போன ஸ்பிரிங். விதியைப் பார்க்காமல் கொட்டிவிட்டுப் போன, ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமும் 150 மி.மீ. உயரமும் கொண்ட மேடுதான் உண்மையான எதிரி. அங்கே நம் 135 மி.மீ. எந்தக் கணக்கிலும் தேறாது.

ஓட்டும் விதத்தை மாற்றுவது

செலவே இல்லாத வழி என்பதால் இதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் எண்களை வைத்துப் பார்த்தால் கடையில் விற்கும் பல பொருள்களைவிட இது அதிகம் தருகிறது.

பிரேக்கை எப்போது விடுகிறோம் என்பதுதான் இதில் முதன்மையானது. தடைக்கு அருகில் வந்த பிறகும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏறுபவர்கள் ஏராளம். பிரேக் மிதிக்கும்போது முன் ஸ்பிரிங்குகள் அமுங்கி மூக்கு தாழ்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். வேகத்தைத் தடைக்கு முன்பே குறைத்து முடித்துவிட்டு, முன்சக்கரம் தொடும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். முன்சக்கரம் இறங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பது அடுத்த தவறு. முடுக்கும்போது காரின் பின்பக்கம் தாழும், சைலன்சர் போய் மேட்டில் மோதும். பின்சக்கரமும் தாண்டி முடிக்கும் வரை பொறுக்க வேண்டும். வரிசையாக மூன்று நான்கு மேடுகள் இருக்கும் இடங்களில் நடுவே வேகமெடுக்காமல் ஒரே சீராக ஊர்ந்து போவதே உத்தமம். ஒரு மேட்டிலிருந்து இறங்கிய ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

குறுக்காக ஏறுவது எல்லோரும் சொல்லும் யோசனை. எல்லா இடத்திலும் ஒரே அளவு பலன் தராது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சரிவின் அடிவாரத்தில் மூக்கு தட்டுபவர்களுக்கு இது அருமையான வழி. பம்பரின் ஓரங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் ஒரு பக்கச் சக்கரம் முதலில் ஏறிவிடும். தாழ்வான நடுப்பகுதி சரிவை எட்டுவதற்குள் மூக்கு உயர்ந்திருக்கும். முகட்டில் பலன் சுமார்தான். 30 டிகிரி சாய்த்து ஏறினால் 130 மி.மீ. தேவை 113 ஆகக் குறையும். 45 டிகிரியில் 92. ஆனால் வாகன நிறுத்தத்தின் சரிவுப் பாதையில் 45 டிகிரி திருப்ப எங்கே இடம் இருக்கிறது? குறுகலான வேகத்தடையில் இது அநேகமாக ஏமாற்று. மிதமாகச் சாய்த்துப் போனாலும் தடை நடுவில் வரும்போது நான்கு சக்கரங்களும் கீழேதான் இருக்கும். தடையின் மேல் இரண்டு சக்கரங்கள் நிற்கும்படி சாய்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய சாலையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வரும் இரு சக்கர வாகனக்காரர் நீங்கள் எங்கே திரும்புகிறீர்கள் என்று தெரியாமல் விலாவில் மோதக்கூடும்.

ஆள்களை இறக்கிவிடுவது கௌரவக் குறைச்சலாகப் பலருக்குத் தோன்றுகிறது. கணக்குப்படி பார்த்தால் நம் காருக்கு அது 30 மி.மீ. தருகிறது. கடையில் பணம் கொடுத்து வாங்கும் வழக்கமான ஸ்பேசர் தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். வருடத்தில் சில தடவை மட்டும் தட்டும் இடம் என்றால் பின் இருக்கையில் இருப்பவர்களை இறங்கி நான்கு எட்டு நடக்கச் சொல்வதைவிட மலிவான தீர்வு கிடையாது. தினமும் இறங்கி ஏறச் சொன்னால் குடும்ப அமைதி கெடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் இந்த வழியே இல்லை.

அதிகம் பேர் முயன்று பார்க்காத இன்னொன்று, பின்னோக்கி ஏறுவது. பல சிறிய கார்களில் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி குட்டையாகவும் உயரமாகவும் இருக்கும். முன் மூக்கு தட்டும் அடிவாரத்தில் அது தட்டாமல் ஏறிவிடும். முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் இன்னொரு நன்மையும் உண்டு: பின்னோக்கி ஏறும்போது எடை, இழுக்கும் சக்கரங்களின் பக்கம் சாய்வதால் சக்கரம் வழுக்குவது குறையும். முகட்டில் நடுவயிறு தட்டும் பிரச்சினைக்கு இதனால் துளியும் பயனில்லை. சொந்த வீட்டு வாயிலில், யாரும் குறுக்கே வராத நேரத்தில் மட்டும் செய்யத் தக்கது.

ஸ்பிரிங், ரப்பர், ஸ்பேசர், டயர்

காரைத் தூக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன், அது இறங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கிய ஸ்பிரிங் தளர்ந்து, கார் பிறந்தபோது இருந்த உயரத்தை இழந்திருக்கும். சமதரையில் காலியாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். இடமும் வலமும் வேறுபட்டாலோ, அதே மாடல் புதிய வண்டியைவிடத் தெளிவாகக் குறைந்தாலோ, நீங்கள் வாங்க வேண்டியது நிறுவனத்தின் அதே அசல் ஸ்பிரிங்கைத்தான். இதில் பக்கவிளைவு எதுவும் இல்லை. காரை வடிவமைத்தவர் நினைத்த உயரத்துக்கே திரும்புகிறது. பழைய காருக்கு நான் முதலில் சொல்வது எப்போதும் இதுதான். ஷாக் அப்சார்பரை மாற்றினால் கார் உயரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சாதாரண ஷாக் அப்சார்பர் உயரத்தைத் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. அது செத்திருந்தால் தடையைத் தாண்டி இறங்கும்போது கார் துள்ளி அடி மோதும். நின்றிருக்கும்போது உயரம் சரியாகவும், ஓடும்போது மட்டும் தட்டுவதாகவும் இருந்தால் சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் மலிவானது, ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம் என்பதால் பிரபலம். அது செய்வது இதுதான்: ஒரு சுருளை அசையவிடாமல் பூட்டி ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது. சுமை ஏறும்போது பின்பக்கம் உட்காருவது குறையும். அதற்கு விலை, காலியாகப் போகும்போது ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். அளவு பொருந்தாவிட்டால் நழுவி விழும். எப்போதும் நான்கைந்து பேரோடு ஓடும் கார் என்றால் பின்சக்கரங்களுக்கு மட்டும் போடுவதை ஏற்கிறேன். முன்சக்கரங்களுக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டியரிங்கின் குணம் மாறிவிடுகிறது.

பின் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை இதே வேலையைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது. சுமை இருக்கும்போது காற்றடிக்கலாம், காலியாக இருக்கும்போது குறைத்துக்கொள்ளலாம். எல்லாக் கார்களின் ஸ்பிரிங்குக்கும் பொருந்தாது. பொருந்தினாலும் கசிவைக் கண்காணிக்க வேண்டும். கார் தாங்கும் அதிகபட்ச எடை இதனால் கூடிவிடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பேசர், அதாவது ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியின்) தலைப்பகுதியிலோ ஸ்பிரிங்கின் இருக்கையிலோ வைக்கும் தடிமனான வட்டு, காரை உண்மையாகவே தூக்குகிறது. 25 மி.மீ. உயர்ந்தால் நம் காரின் 135 என்பது 160 ஆகும். 5-க்கு 1 முகடு வசதியாகத் தாண்டும், 150 மி.மீ. மேடும் ஊர்ந்து போனால் தாண்டும். குறுகலான உயர மேடுகள் அன்றாடப் பாதையிலேயே இருந்து, அவற்றைத் தவிர்க்க வழியே இல்லாதவருக்கு வேறு எந்தப் பொருளும் இவ்வளவு தராது. இவ்வளவு தருவதாலேயே இது எடுத்துக்கொள்வதும் அதிகம். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயலாம். பிரேக் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிசெய்யாவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும். காரின் எடை மையம் உயர்வதால் வளைவுகளில் சாய்வு கூடும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார் என்றால் அதன் சஸ்பென்ஷனுக்கான உத்தரவாதத்தை இழக்க நேரலாம். காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. முன்னால் மட்டும், அல்லது பின்னால் மட்டும் வைத்துவிட்டு வருவது இதில் மிக மோசமான வகை. மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகே இதற்கு வர வேண்டும் என்பேன்.

பெரிய டயரைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் டயரின் மொத்த உயரம் 13 மி.மீ. கூடும். காரின் அடி உயர்வது அதில் பாதி, 6.5 மி.மீ. அதற்காக வேகமானி 2 சதவீதம் குறைத்துக் காட்டுவதையும், முழுத் திருப்பத்தில் டயர் உள்பக்கம் உரசும் அபாயத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். டயர் தேய்ந்து எப்படியும் மாற்றப் போகிறவர், தயாரிப்பாளரே அனுமதித்த மாற்று அளவு ஒன்று இருந்தால் யோசிக்கலாம். அடி தட்டுகிறது என்பதற்காக நல்ல டயரைக் கழற்றுவது அநியாயம். இருக்கும் டயரில் காற்று சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்தாலே இரண்டொரு மில்லிமீட்டர் இலவசமாகக் கிடைக்கும்.

தகடு அடிப்பது

எஞ்சினுக்கு அடியில் பொருத்தும் உலோகத் தகடு, தட்டுவதைத் தடுக்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. தகடும் அதைப் பிடிக்கும் கம்பிகளும் சேர்ந்து அடி உயரத்தைக் கொஞ்சம் தின்றுவிடுவதால், போட்ட பிறகு முன்பைவிட அதிகமாகத் தட்டவும் கூடும். அது செய்வது வேறொரு நல்ல வேலை: மோதினாலும் ஆயில் சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, உடையாமல் காப்பது. அலுமினிய சம்ப் பிளந்து ஆயில் ஒழுகி, அது தெரியாமல் ஓட்டினால் எஞ்சினே இறுகிப்போகும். கரடுமுரடான பாதையில் கல்லும் பாறையும் சகஜமாக இருப்பவருக்குத் தகடு ஒரு நியாயமான காப்பீடு.

ஆனால் முகட்டில் தட்டுபவருக்கு இது பொருந்துமா என்பதுதான் கேள்வி. தகடு மூடுவது முன்பகுதியை. முகட்டில் உட்காருவது நடுவயிறு, அங்கே ஓடுவது சைலன்சர் குழாய். ஆகவே தவறான இடத்துக்குக் கவசம் போடுகிறோம். வாங்கவே முடிவு செய்தால் அந்த மாடலுக்கென்று அளவெடுத்துச் செய்ததை, ஆயில் வடிக்கும் திருகுக்கு வழிவிட்டு, காற்றோட்டத் துளைகளோடு வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் தூக்கி எறியாதீர்கள்.

மின்சாரக் கார்களில் தரைக்கு மிக அருகில் இருப்பது பேட்டரிப் பெட்டி. அதன் கீழே துளை போட்டோ பற்றவைத்தோ எதையும் மாட்டும் எண்ணமே வேண்டாம். நடுவயிறு ஒருமுறை பலமாக மோதிவிட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடாமல் பணிமனையில் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மின்சாரக் காரென்றே வடிவமைக்கப்பட்டவற்றில் பேட்டரிக்கு இடம் கொடுக்க வீல்பேஸ் நீளமாக இருக்கும் என்பதால், மேலே சொன்ன முகட்டுக் கணக்கை அவற்றை வைத்திருப்பவர்கள்தான் கவனமாகப் போட வேண்டும்.

சரிவையே மாற்றுவது

தட்டும் இடம் உங்கள் சொந்த வாயில் என்றால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். காரில் செய்யும் எந்த மாற்றமும் அந்த ஒரு காருக்குத்தான். சரிவைத் திருத்தினால் அடுத்து வாங்கப் போகும் காருக்கும், வந்து போகும் விருந்தினர் காருக்கும் சேர்த்துத் தீர்வு.

வழி எளிது: சரிவும் சமதளமும் சந்திக்கும் இடத்தில், பாதி விகிதத்தில் ஓர் இடைச்சரிவு வைப்பது. 5-க்கு 1 சரிவின் இரு முனைகளிலும் 10-க்கு 1 விகிதத்தில், வீல்பேஸ் அளவுக்குக் குறையாத நீளத்தில் இடைச்சரிவு அமைந்தால் ஒரே முறிவு இரண்டாகப் பிரியும். முகட்டில் 130 மி.மீ. கேட்ட இடம் 65 மி.மீ. கேட்கும். எந்த ஸ்பேசரும் இதன் பக்கத்தில் வர முடியாது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் இதை வரைபட நிலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டி முடித்த சரிவில் அடிவாரமும் முகடும் ஒன்றல்ல. அடிவாரத்தில் இருப்பது உள்வாங்கிய மூலை. அங்கே கான்கிரீட் கொட்டி நிரப்பினால் வேலை முடிந்தது. முகடு துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைச் செதுக்கித்தான் தணிக்க வேண்டும். கீழே கம்பியோ குழாயோ ஓடினால் அதுவும் முடியாது. ஆகவே மூக்கு தட்டுபவருக்குச் சரிவைத் திருத்துவது மலிவு, வயிறு தட்டுபவருக்கு விலை அதிகம். அடிவாரத்தில் நிரப்பும்போதும் எச்சரிக்கை தேவை: நிரப்பு வெளியே நீளும். வாயிலை ஒட்டியே பொதுச் சாலையோ வடிகாலோ இருந்தால் அதன் மேல் எதையும் கொட்டவோ பலகை போடவோ உங்களுக்கு உரிமை இல்லை. மழைநீரும் திரும்பி உங்கள் வாசலுக்கே வரும். எல்லைக்குள் இடம் இருந்தால், கொட்டுவதற்கு முன் தடித்த மரப்பலகைகளையோ ரப்பர் ஆப்புகளையோ வைத்துச் சில நாள் ஏறி இறங்கிப் பார்த்து, எவ்வளவு உயரம் எவ்வளவு நீளம் போதும் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சரிவு என்றால் உங்கள் ஒருவரின் குறையாக எடுத்துப் போகாதீர்கள். எத்தனை கார்கள் தட்டுகின்றன என்பது முகட்டில் இருக்கும் கீறல்களிலேயே தெரியும். அதைப் படம் எடுத்து, சரிவின் கோணத்தையும் அளந்து எழுதிக் கொடுத்தால் சங்கத்தில் பேச்சு எடுபடும். பொதுச் சாலையில் விதியை மீறிய மேடு இருந்தாலும் அதே வழிதான்: உயரத்தையும் அகலத்தையும் அளந்து, படத்தோடு சாலையைப் பராமரிக்கும் அமைப்பிடம் எழுத்தில் கொடுப்பது.

புதிய கார் தேடுபவர்களுக்கு

காரை மாற்றும் எண்ணத்தில் இருப்பவர், தரை இடைவெளி என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டாம். அந்த எண் காலி வண்டிக்கா, சுமையோடா என்று கேளுங்கள். வீல்பேஸைக் குறித்துக்கொண்டு, உங்கள் சரிவின் விகிதத்தோடு பெருக்கி நான்கால் வகுத்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு எவ்வளவு நீள்கிறது என்பதை நாடா வைத்தே அளந்துவிடலாம். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு கார்கள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் வீல்பேஸ் குட்டையான, மூக்குச் சிறுத்த காரை எடுங்கள். சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாமல் வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய், உங்கள் வாயில் சரிவில் ஒருமுறை, தினமும் கடக்கும் மோசமான மேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், அந்த மாடலை ஏற்கெனவே வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு அவருடைய வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். நடுவயிற்றிலும் சைலன்சர் குழாயிலும் புதிய கீறல்கள் இருந்தால் வேறு மாடலைத் தேடலாம்.